மாணவர் சிறு கட்டுரைப் பயிற்சியும் மனித இயல்பும்

தோற்றுவாய்

கட்டுரை எழுதுக என்றவுடன் நம் மாணவர் பலர் முன்னுரை, பொருளுரை, முடிவுரை எனத் தலைப்பிட்டு, மனப்பாடமாய் வைத்துள்ள தொடர்களை இட்டு நிரப்பிவிடுகின்றனர். அதில் எழுத்துப் பிழை இராது, எழுதியவரும் இரார். இக்குறையைக் களையும் வழிகளுள் ஒன்று, அன்றாடப் பொருள்களையும் மனிதர் நடத்தையையும் பற்றி நாள்தோறும் பத்து வரி எழுதும் சிறு பயிற்சி. அதன் மரபையும் முறையையும், அதில் யாம் செய்த பிழை ஒன்றையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

பயிற்சியின் மரபு

கட்டுரை என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் கட்டுரை காதை என்றே ஒரு காதை உண்டு. எனினும், இன்று நாம் வழங்கும் பொருளில் இவ்வடிவம் உரைநடையோடு வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இயற்றிய பாலபாடங்கள், சிறு சிறு உரைநடைப் பாடங்களால் மாணவர்க்கு மொழியையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே ஊட்டின. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய மறைமலையடிகள் 1908 இல் 'சிந்தனைக் கட்டுரைகள்' என்னும் நூலை வெளியிட்டார். ஆங்கில எழுத்தாளர் அடிசனின் கட்டுரைகளைத் தழுவியவையும் அதில் இடம்பெற்றன.

மேனாட்டிலும் இம்மரபு பழமையானது. அரிசுடாட்டிலின் மாணாக்கரான தியோபிராசுடசு, முகத்துதி செய்வோன், கருமி முதலான முப்பது வகை மனிதரைச் சிறு சித்திரங்களாகத் தீட்டினார். பிரான்சு நாட்டு மான்தேன் 1580 இல் தம் கட்டுரைகளுக்கு இட்ட பெயருக்கு 'முயற்சி' என்பதே பொருள். முடிந்த முடிபைச் சொல்வது அன்று, முயன்று பார்ப்பதே கட்டுரை என்பதை அப்பெயரே உணர்த்துகின்றது.

தொல்காப்பியம் காட்டும் நெறி

மனித நடத்தையை எழுத முனைவார்க்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலினும் சிறந்த வழிகாட்டி வேண்டுவதில்லை. மெய்ப்பாடுகள் எட்டு, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன் நான்கு, ஆக முப்பத்திரண்டு. உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புலப்படுதலே மெய்ப்பாடு. 'அவர் வருந்தினார்' என்று எழுதுவது எளிது. வருந்தியவரின் கை என்ன செய்தது, அவர் எங்கே பார்த்தார் என்று எழுதுவதே பயிற்சி. நன்னூலார் தொகுத்துரைக்கும் பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறல், வெற்றெனத் தொடுத்தல் என்னும் இரண்டையும் நீக்கிவிட்டாலே மாணவர் கட்டுரை பாதி திருந்திவிடும்.

யாம் செய்த பிழை

திண்டுக்கல்லுக்கு வடக்கே, தாடிக்கொம்பை அடுத்த அகரத்திலிருந்து ஒரு மாணவர் எம் வகுப்பிற்கு வந்தார். அவர் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல்வர் அவரே. தந்தை பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. 'பயணம்' என்று அவர் எழுதிய முதற்கட்டுரை, பயணங்கள் மனிதனைப் பண்படுத்தும் என்பது போன்ற தொடர்களால் நிறைந்திருந்தது. 'நன்று' என்று எழுதிக் கொடுத்தோம்.

இரண்டாம் கட்டுரை அவர் தந்தையைப் பற்றியது. பட்டறைக்கு வந்த ஒருவர் பூட்டைப் புரட்டிப் பார்த்து, "இது தாங்குமா?" என்று இகழ்ச்சியாய்க் கேட்கிறார். தந்தை மறுமொழி கூறவில்லை. பூட்டைப் பூட்டிச் சாவியைத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "திறந்து பாருங்கள்" என்று நீட்டுகிறார். வந்தவர் நெடுநேரம் முயன்று பார்த்துவிட்டு, கேட்ட விலையைக் கொடுத்துச் செல்கிறார். 'அன்றிரவு அப்பா இரண்டாம் முறையும் சோறு கேட்டார்' என்று கட்டுரை முடிந்திருந்தது.

யாம் செய்தது என்ன? லீவர், பட்டறை, மாங்காய்ப் பூட்டு ஆகிய சொற்களைச் சிவப்பு மையால் அடித்து, 'பேச்சு வழக்கு, தவிர்க்க' என்று எழுதினோம். முடிவுரை இல்லை என்று மதிப்பெண்ணையும் குறைத்தோம். அடுத்த வாரம் அவர் தந்த கட்டுரை ஒரு பிழையும் இன்றி இருந்தது. அது உரைநூலிலிருந்து வரிக்கு வரி எடுத்தெழுதியது. காரணம் வினவியபோது தலை கவிழ்ந்து, "ஐயா, எனக்குத் தெரிந்தவை அந்தச் சொற்கள்தாம். அவை பிழை என்றால் எழுத வேறு ஒன்றும் இல்லை" என்றார்.

அவ்விடையே எமக்குப் பாடமாயிற்று. கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கும் பெருமிதத்தின் நிலைக்களன்கள். கைத்தொழில் அறிவும் கல்வியே அன்றோ? தந்தையின் பெருமிதத்தை இரண்டாம் முறை கேட்ட சோற்றில் காட்டிய மாணவரிடம், யாம் முடிவுரை கேட்டிருக்கின்றோம்! மெய்ப்பாட்டியலை வகுப்பில் நடத்திய யாமே, அது கண்முன் வந்து நின்றபோது அறியத் தவறினோம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பூட்டைச் செய்வோர் வழங்கும் சொற்களுக்குக் கட்டுரை ஏட்டில் இடமில்லை என்பது எவ்வகையில் முறையாகும்? அக்கட்டுரையைத் திரும்பப் பெற்று, எம் திருத்தங்களை எல்லாம் அடித்துவிட்டு, "தம்பி, இதை வகுப்பில் நீங்களே படித்துக் காட்டுங்கள்" என்றோம். அவர் படித்து முடித்தபின் மாணவர் பலர் தத்தம் வீட்டுத் தொழிலைப் பற்றி எழுதத் தொடங்கினர்.

கைக்கொள்ளத்தக்க முறை

இப்பயிற்சிக்கு நான்கு விதிகள் போதும். அன்று தாமே கண்ட ஒன்றையே எழுதுதல் வேண்டும். ஒருவர் செய்ததையும் சொன்னதையும் எழுதிய பின்னரே அவரைப் பற்றிய கருத்தைக் கூறுதல் வேண்டும். தொழிலுக்கு உரிய சொல்லை அத்தொழில் செய்வோர் வழங்குமாறே எழுதுதல் வேண்டும். பத்து வரியைக் கடத்தல் ஆகாது. ஆசிரியர்க்கும் ஒரு விதி உண்டு: எழுத்துப் பிழையைத் திருத்துமுன், எழுதியவர் எதைக் கண்டார் என்பதை ஒரு வரியில் ஏட்டோரத்தில் குறித்தல் வேண்டும்.

நிறைவுரை

அகரம் என்பது எழுத்துகளுள் முதலாவதன் பெயர்; அம்மாணவர் ஊரின் பெயரும் அதுவே. எழுத்துக்கல்வி தொடங்கும் இடம் அவரவர் ஊரும் வீடுமே என்பதை அவர்வழி அறிந்தோம். பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் பிள்ளைகளிடம் 'என்ன மதிப்பெண்?' என்று கேட்பதோடு, 'இன்று என்ன கண்டாய்?' என்றும் கேட்பாராயின் அப்பயிற்சி வீட்டிலேயே தொடங்கிவிடும். அதனைக் கெடாமல் காப்பது ஆசிரியராகிய எம் கடன்.