சுல்தானின் மாத்திரையும் ஒரு ராத்தல் புளியும்

போன மாதம் திருமங்கலம் பக்கமிருந்து ஓர் அன்பர் வந்தார். வயது அறுபதுக்குள் இருக்கும். ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். லேபிள் கிடையாது. உள்ளே கறுப்பு உருண்டைகள்.

"வாலிபம் திரும்பும்னு கொடுத்தாங்க டாக்டர். ஆறாயிரம் ரூபாய். இம்புட்டு விலைன்னா சும்மாவா இருக்கும்?" என்றார். ஒரு வாரமாக வயிற்றெரிச்சல் தாங்கவில்லையாம்.

அவருக்கு ஒரு பழைய கதை சொன்னேன். நம்ம மதுரையில் நடந்ததுதான்.

மதுரையில் அஹ்சன் ஷா என்பவர் டில்லியை உதறிவிட்டுத் தன் பெயரில் காசு அடித்தார். அந்தக் காலத்தில் காசில் யார் பெயரோ அவரே அரசர். அவரை அடக்க 1335 வாக்கில் முகமது பின் துக்ளக் பெரும் படையோடு கிளம்பினார். காசு விஷயத்தில் துக்ளக் ஏற்கெனவே சூடு பட்டவர். வெள்ளிக்குப் பதில் பித்தளை, செம்புக் காசு விட்டு, கள்ளக்காசு பெருகி, கடைசியில் கஜானாவைத் திறந்து நல்ல காசு கொடுத்து அவற்றைத் திரும்ப வாங்கியவர். படை வாரங்கல் வந்தபோது கொள்ளைநோய் பிடித்தது. ஏராளமான வீரர்கள் மாண்டார்கள். துக்ளக்கும் படுத்து, திரும்பிப் போனார். அந்த நோயின் தயவில்தான் மதுரை சுல்தான்கள் நாற்பது வருடத்துக்கு மேல் காசு அடித்தார்கள்!

ஆனால் நோய் யாருக்கும் நிரந்தர நண்பனில்லையே. 1344 வாக்கில் மொராக்கோ யாத்திரிகர் இபின் பதூதா இங்கே வந்தார். அப்போதைய சுல்தான் கியாசுதீன் தம்கானி அவருக்குச் சகலை முறை. ஒரு யோகி செய்து கொடுத்த ஆண்மை மாத்திரையை சுல்தான் அளவு மீறிச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார் என்று எழுதுகிறார் பதூதா. அதில் சேர்ந்த சரக்குகளில் ஒன்று இரும்புத்தூள்.

உடம்பு தேறாமலே சுல்தான் மதுரைக்கு வந்தார். ஊரில் கொள்ளைநோய். கண்டவர்கள் இரண்டாம் நாள், மூன்றாம் நாள், மிஞ்சினால் நாலாம் நாள் போய்விடுவார்கள். நல்ல ஆரோக்கியம் என்று உறுதி சொல்லி விற்ற ஓர் அடிமைப் பெண்ணை பதூதா வாங்கினார். மறுநாளே அவள் இறந்தாள். எட்டு வயது மகனோடு ஒருத்தி உதவி கேட்டு வந்தாள். செலவுக்குக் கொடுத்தார். இருவரும் திடமாகத்தான் இருந்தார்கள். மறுநாள் அவளே வந்து மகனைப் போர்த்தத் துணி கேட்டாள். அரண்மனையிலும் சுல்தானின் ஒரே மகன், தாய் இருவரும் போனார்கள். பிறகு சுல்தானும். புது சுல்தான் நாசிருதீன் பட்டம் ஏறியதும் பொன்னும் வெள்ளியும் வாரி இறைத்தார்கள். பதூதாவுக்குக் கிடைத்தது 300 பொற்காசு.

அந்தக் காசு அவரைக் காப்பாற்றவில்லை. கடும் காய்ச்சல் கண்டு பிழைக்கமாட்டோம் என்றே நினைத்துவிட்டார். ஊரில் மலிந்து கிடந்த புளியை ஒரு ராத்தல் அளவு கரைத்துக் குடித்தார். (ராத்தல் என்பதே அரபுச் சொல்தான்!) மூன்று நாள் வயிறு போனது, காய்ச்சலும் விட்டது.

உடனே புளியைக் கரைக்க அடுப்படிக்கு ஓடாதீர்கள். புளி மலமிளக்கி, அவ்வளவுதான். அவருக்கு வந்த காய்ச்சல் தானாகவே தணிந்திருக்கலாம். பேதியோடு வரும் நோயில் இப்படிச் செய்தால் உடம்பின் நீர் வற்றி உயிருக்கே ஆபத்து. அங்கே உப்பு-சர்க்கரைக் கரைசலும் ஆஸ்பத்திரியும்தான்.

இரும்பு எங்கள் வைத்தியத்திலும் உண்டு. சுத்தி செய்து, மூலிகைச் சாறு விட்டு அரைத்து, புடம் போட்டுச் செந்தூரமாக்கி, மில்லிகிராம் கணக்கில் கொடுப்போம். அதுவும் ரத்தசோகைக்கு, ரத்தம் பார்த்த பிறகு. அளவு மீறினால் வயிறு புண்ணாகும், கல்லீரல் கெடும்.

அன்பர் கேட்டுக்கொண்டே இருந்தார். "இதுல என்ன கலந்திருக்கு டாக்டர்?"

"எனக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியுமோ என்னவோ" என்றேன். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். டப்பா என் மேஜையிலேயே இருக்கிறது.