நீரிழிவுக்கு முந்தைய நிலை: சோற்றைக் கைவிடாமல் மாவுச்சத்தைக் குறைத்தல்

இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, “சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்கிறார்கள்; அப்படியென்றால் நோய் வந்துவிட்டதா, வரவில்லையா?” என்று கேட்போர் எங்கள் புறநோயாளிப் பிரிவில் நாள்தோறும் உள்ளனர். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவு 100 முதல் 125 மில்லிகிராம் வரையிலோ, 75 கிராம் குளுக்கோஸ் அருந்திய இரண்டு மணி நேரத்திற்குப் பின் எடுத்த அளவு 140 முதல் 199 வரையிலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.ஒன்.சி. 5.7 முதல் 6.4 விழுக்காடு வரையிலோ இருப்பின், அதனை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்கிறோம். நோய் இன்னும் வரவில்லை. ஆனால் உடல், சர்க்கரையைக் கையாளும் திறனில் ஒரு பகுதியை இழந்துவிட்டது. 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 13.6 கோடிப் பேர் இந்நிலையில் இருப்பதாக மதிப்பிட்டது. நீரிழிவு உடையோரின் எண்ணிக்கையைக் காட்டிலும் இது அதிகம்.

உள்ளே நிகழ்வதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கணையம் சுரக்கும் இன்சுலினுக்குத் தசையும் கல்லீரலும் முன்போலச் செவிசாய்ப்பதில்லை. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இதற்கு முக்கியக் காரணம். அதை ஈடுசெய்யக் கணையம் கூடுதலாக உழைக்கிறது; ஆண்டுகள் செல்லச் செல்லக் களைத்துப்போகிறது. அக்களைப்பு முற்றுவதற்கு முன், கணையத்தின் மீதுள்ள சுமையை நம்மால் குறைக்க இயலுமா என்பதே கேள்வி.

இதற்கான விடையை நாம் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. தண்டையார்பேட்டைக்கு அண்டையிலுள்ள இராயபுரத்தில், பேராசிரியர் எம். விசுவநாதன் 1954-இல் தொடங்கிய எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் ஆராய்ச்சி மையத்திலிருந்தே அவ்விடை வந்தது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் அங்கு நடைபெற்ற இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்குச் சிறப்பு ஏற்பாடு எதுவும் இல்லை. மற்றொரு குழுவினருக்கு உணவு, நடை ஆகியவை குறித்த அறிவுரை மட்டும் தரப்பட்டது. மூன்றாம் குழுவினருக்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காம் குழுவினருக்கு அறிவுரை, மாத்திரை இரண்டும். ஏறத்தாழ 30 மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, முதற்குழுவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளிகளாகியிருந்தனர். அறிவுரை பெற்ற குழுவில் அது 39 பேராகக் குறைந்திருந்தது. மாத்திரை பெற்ற குழுவிலும் ஏறக்குறைய அதே பலன்தான். இரண்டையும் சேர்த்துப் பெற்றோருக்குக் கூடுதல் நன்மை எதுவும் காணப்படவில்லை.

இந்த எண்களில் இரண்டு செய்திகள் உள்ளன. இரண்டரை ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டோர் நோயாளிகளானார்கள் என்பதால், ‘பார்டர்’ என்ற சொல் தரும் நிம்மதிக்கு இடமில்லை. மறுபுறம், அறிவுரை பெற்றவர்களின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலேயே அவர்களுக்கு இப்பலன் கிடைத்தது. எடைக் கருவியின் முள் நகரவில்லை என்பதற்காக முயற்சியைக் கைவிடுவோர், இதை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். அவர்களுக்குத் தரப்பட்ட அறிவுரையும் கடினமானதன்று: சர்க்கரையைத் தவிர்த்தல், தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைத்தல், நார்ச்சத்து மிகுந்த உணவைக் கூட்டுதல், நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடத்தல். உடலுழைப்புத் தொழில் செய்வோரும், நாளொன்றுக்கு அரை மணி நேரத்திற்கு மேல் நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் தம் வழக்கத்தையே தொடருமாறு கூறப்பட்டனர். துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் ஒருவர் மாலையில் தனியே நடைப்பயிற்சிக்குச் செல்லவில்லையே என வருந்த வேண்டியதில்லை.

இனி உணவுக்கு வருவோம். ‘குறைந்த மாவுச்சத்து உணவு’ என்றவுடன் சோறு, இட்லி, தோசை அனைத்தையும் ஒரே நாளில் விலக்கிவிட வேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு தொடங்குவோர் பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில் நிறுத்திவிடுகின்றனர் என்பது எங்கள் அனுபவம். இந்தியரின் அன்றாட ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே கிடைக்கிறது. மருத்துவர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 18,090 பேரின் உணவுத் தரவுகளைக் கொண்டு 2022-இல் வெளியிட்ட கணக்கீடு, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் உள்ளோர் அதனை 50 முதல் 56 விழுக்காடாகக் குறைத்து, புரதத்தை 18 முதல் 20 விழுக்காடாக உயர்த்தினால் இயல்பு நிலைக்குத் திரும்பும் வாய்ப்பு கூடும் என்றது. (இம்மருத்துவர் பேராசிரியர் விசுவநாதனின் மகன் என்பதை இராயபுரத்து மூத்தோர் அறிவர்.) இது மனிதருக்கு உணவளித்துச் செய்த சோதனை அன்று, கணக்கீடே. எனினும் நம் உணவை அடிப்படையாகக் கொண்டது என்பதால் நாங்கள் இதனையே வழிகாட்டியாகக் கொள்கிறோம்.

விழுக்காட்டைச் சமையலறை அளவாக மாற்றிப் பார்ப்போம். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 62 விழுக்காடு என்பது ஏறத்தாழ 310 கிராம் மாவுச்சத்து. 52 விழுக்காடு என்பது 260 கிராம். வேறுபாடு 50 கிராம் மட்டுமே. சமைத்த சோறு 180 கிராமில், அதாவது நடுத்தரக் கிண்ணம் ஒன்றில், அவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது. அதிலும் பாதியைச் சோற்றைத் தொடாமலேயே குறைக்கலாம். வேலையிடத்தில் மூன்று வேளை, வேளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையுடன் தேநீர் அருந்துபவர், அதன்மூலம் மட்டும் 25 முதல் 30 கிராம் சர்க்கரை உட்கொள்கிறார். தேநீரைச் சர்க்கரையின்றி அருந்தப் பழகிவிட்டால், சோற்றில் குறைக்க வேண்டியது அரைக் கிண்ணம்தான். தேநீருடன் தொட்டுக்கொள்ளும் பொறையும் பிஸ்கட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அவற்றை விட்டால் மேலும் எளிது.

இங்கே பரவலான ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரவில் சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி உண்டால் சர்க்கரை குறையும் என்றும், கேழ்வரகை எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை என்றும் பலர் கருதுகின்றனர். 2025-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விரிவான உணவு ஆய்வு இதற்கு ஆதரவளிக்கவில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், வெள்ளை அரிசிக்குப் பதிலாக அரைத்த கோதுமையையோ சிறுதானிய மாவையோ உண்பதால் மட்டும் நோய் வாய்ப்பு குறையவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியைப் பருப்பு, பயறு, பால் பொருள்கள் ஆகியவற்றின் புரதத்தால் மாற்றியபோதே வாய்ப்பு குறைந்தது. ஆகவே தானியத்தின் பெயரை மாற்றுவதைவிட அதன் அளவை மாற்றுவது பயன் தரும். ஆடி மாதத்தில் அம்மன் கோயிலில் தரும் கூழை ஒரு குவளை அருந்துவதில் தவறில்லை. அன்று மதியம் சோற்றைக் குறைத்துக்கொண்டால் போதும்.

சோற்றைக் குறைத்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதே உண்மையான சிக்கல். நிரப்பாவிட்டால் பசி, மாலையில் பஜ்ஜிக் கடைக்கு அழைத்துச் செல்லும். தட்டில் பாதியைக் காய்கறிக்கும் கீரைக்கும், கால் பகுதியைப் புரதத்திற்கும், எஞ்சிய கால் பகுதியைச் சோற்றுக்கும் ஒதுக்குங்கள். உருளைக்கிழங்கு காய்க்கணக்கில் சேராது. காயையும் பருப்பையும் மீனையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால், அதே உணவுக்குப் பின் சர்க்கரை சற்றுக் குறைவாகவே ஏறும்.

செலவு குறித்த கவலையை நாங்கள் அறிவோம். 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. புரதம் அவ்வாறு கிடைப்பதில்லை. வருவாய் குறைந்த வீட்டில் வயிற்றை நிரப்புவது அரிசிதான் என்னும்போது, ‘அரிசியைக் குறையுங்கள்’ எனச் சொல்வது எளிது, செய்வது கடினம். எனினும் வழியே இல்லை என்பதில்லை. அதே நியாயவிலைக் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பை நீர்த்த சாம்பாராக்காமல் கெட்டிக் கூட்டாகச் சமைக்கலாம். கொண்டைக்கடலை, காராமணி, பச்சைப்பயறு ஆகியவற்றின் சுண்டலில் புரதத்தோடு நார்ச்சத்தும் உண்டு. முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம் இருக்கிறது. மாவுச்சத்து இல்லையென்றே சொல்லலாம். காசிமேடு அருகில் இருப்பது நமக்கு வாய்த்த நற்பேறு. வஞ்சிரம்தான் சத்துள்ளது என்பதில்லை. நெத்திலியும் கவலையும் விலை குறைந்தவை, புரதத்தில் குறைந்தவை அல்ல. குழம்பாக உண்பது பொரித்து உண்பதைவிட மேல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறும்போது முட்டையையும் பயறையும் நாடலாம். கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை அளவோடு உண்ண வேண்டும்.

சில எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. ஒரே வீட்டில், ஒரே பானையில் சமைத்து உண்ணும்போது, குடும்பத்தில் ஏற்கெனவே நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவரோ, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரை உண்பவரோ இருக்கலாம். அவர் மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பமான பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். அவ்வீட்டார் உணவை மாற்றுவதற்கு முன் மருத்துவரைக் காண வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளோர் புரதத்தைத் தாமாகக் கூட்டலாகாது. கருவுற்ற பெண்களுக்கு இக்கட்டுரையின் அளவுகள் பொருந்தா. மாவுச்சத்தை ஏறத்தாழ முற்றிலும் விலக்கும் ‘கீட்டோ’ போன்ற உணவுமுறைகளை மருத்துவக் கண்காணிப்பின்றித் தொடங்க வேண்டாம்.

முதல் மாத ஆர்வம் ஆறாம் மாதத்தில் எங்கே போகிறது என்பது மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து எண்ண வேண்டியது. இதிலும் மருத்துவர் இராமச்சந்திரனின் குழுவினர் செய்த மற்றோர் ஆய்வு நமக்குத் துணை நிற்கிறது. தென்னிந்தியத் தொழில் நிறுவனங்களில் பணியாற்றிய, 35 முதல் 55 வயதுக்குட்பட்ட ஆண்கள் 537 பேர் அதில் பங்கேற்றனர். அனைவருக்கும் தொடக்கத்தில் அறிவுரை தரப்பட்டது. ஒரு பாதியினருக்கு மட்டும் உணவு, நடை பற்றிய நினைவூட்டல்கள் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகத் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டுகளில் செய்தி பெறாதோரில் நூற்றுக்கு 27 பேருக்கும், பெற்றோரில் 18 பேருக்கும் நீரிழிவு வந்தது. 2013-இல் வெளியான இம்முடிவைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்குத் தோன்றுவது இதுதான்: அம்மனிதர்களுக்கு அறிவு குறைவாக இல்லை, நினைவூட்ட ஒருவர் தேவைப்பட்டார்.

அந்த ஒருவர் வீட்டிலேயே இருக்கலாம். வெளியூரில் வேலை பார்க்கும் மகளோ மகனோ வாரத்திற்கு இரண்டு முறை வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி அனுப்பினால் போதும். அது கண்டிப்பாக இருக்கலாகாது. “மறுபடியும் இனிப்பு சாப்பிட்டீர்களா?” என்ற கேள்வி, மறைத்து உண்ணும் பழக்கத்தையே வளர்க்கும். “அப்பா, இன்று தேநீர் சர்க்கரை இல்லாமல்தானே?” என்பது போலச் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கட்டும். மணலியிலும் எண்ணூரிலும் இரவுப்பணி பார்ப்போர், நள்ளிரவில் கிடைக்கும் பரோட்டாவை நம்பாமல், வேகவைத்த முட்டையோ சுண்டலோ கையில் எடுத்துச் செல்வது நல்லது.

பெண்களுக்கு ஒரு சொல். வீட்டில் எல்லோரும் உண்டபின் கடைசியாக உண்பவர்கள், குழம்பும் கூட்டும் தீர்ந்து சோறு மட்டும் மீந்திருப்பதால், வீணாகக் கூடாதென்று அதையும் சேர்த்து உண்கிறார்கள். பருப்பிலும் மீனிலும் தம் பங்கை முதலிலேயே எடுத்து வைப்பது தன்னலம் ஆகாது. வீட்டார் அதைக் கவனித்துச் செய்தால் இன்னும் நன்று.

திருமண விருந்திலோ பொங்கலிலோ கட்டுப்பாடு தளர்ந்தால், மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்ட முயல வேண்டாம். அடுத்த வேளையிலிருந்து பழைய அளவுக்குத் திரும்புங்கள். முயற்சி செய்தும் சிலருக்கு நீரிழிவு வரவே செய்யும். இராயபுரத்து ஆய்விலும் அறிவுரை பெற்ற நூறு பேரில் 39 பேருக்கு வந்தது. மரபும் வயதும் நம் கையில் இல்லை. அத்தகையோரைக் குறை கூறுவது நியாயமன்று. அவர்கள் பழகிக்கொண்ட உணவுமுறை, நோய் வந்தபின்னும் சிகிச்சைக்கு உதவும்.

ஹெச்.பி.ஏ.ஒன்.சி. பரிசோதனையை மூன்று மாதங்களுக்கு முன் மீண்டும் செய்வதில் பயனில்லை. இரத்தச் சிவப்பணுக்களின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள்கள் என்பதால், இரண்டு வார உழைப்பு அதில் முழுமையாகத் தெரியாது. இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் இரத்தசோகை, இந்த எண்ணை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே இரத்தசோகை உள்ளோர் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் மாதம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவை அளந்து குறித்து வாருங்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது அக்குறிப்பையும், முந்தைய மூன்று நாள்களில் உண்டவற்றை எழுதிய தாளையும் கொண்டு வாருங்கள். மறைக்காமல் எழுதியிருந்தால் எங்களால் சரியாக வழிகாட்ட இயலும். வீட்டில் சமைப்பவர் எவரோ, அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.