எப்காட்: குடிமக்கள் வேண்டாத நகரம்

அமெரிக்காவின் புளோரிடாவில் 20,000 பேர் வாழும் வருங்கால நகரம் ஒன்றை வால்ட் டிஸ்னி திட்டமிட்டார். பெயர் எப்காட். கூரை வேய்ந்து குளிரூட்டிய நகர மையம், நிலத்தடியில் வாகனச் சாலை, மோனோரயில் எல்லாம் உண்டு. 1966 டிசம்பரில் அவர் மறைந்தார். 1982-இல் அதே பெயரில் திறந்ததோ கேளிக்கைப் பூங்கா. அவர் இருந்திருந்தால் நகரம் எழுந்திருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் சிக்கல் திட்டத்துக்குள்ளேயே இருந்தது. அங்கே யாருக்கும் சொந்த நிலம் கிடையாது, வாடகை வீடுதான். ஓய்வுபெற்றவர்களுக்கு இடமே இல்லை! நிலையாகக் குடியேறியவர்கள் என்றாவது ஓட்டுரிமையோடு நிர்வாகத்தில் பங்கு கேட்பார்கள். 1967-இல் மாநிலச் சட்டத்தால் கிடைத்த நகராட்சிக்கு நிகரான அதிகாரத்தை டிஸ்னி நிறுவனம் அவர்களோடு பகிர வேண்டியிருக்கும். நுழைவுச்சீட்டு வாங்கி வருபவரால் அந்தத் தொல்லை இல்லை.