கிடங்கும் இடைவழியும்

புதுச்சேரி, தொன்றுதொட்டு வாணிகத்தால் வளர்ந்த நகரம். நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் அங்கே அகழ்வாய்வு நடத்தினார். அப்போது 150 அடிக்கு மேல் நீண்ட செங்கற் கட்டடம் ஒன்று வெளிப்பட்டது. அதனைப் பண்டகசாலை என்று அவர் கருதினார். ஈராயிரம் ஆண்டுகளாகவே இப்பகுதி மக்கள் பொருள்களைச் சேர்த்து வைக்க இடம் தேடி வந்துள்ளனர் என்பது இதனால் விளங்கும்.

நெடுங்காலம் கிடங்குகளில் மூட்டைகளைச் சுமந்தவை மனிதரின் தலையும் தோளுமே. ஓர் ஆள் 55 கிலோவுக்கு மேல் சுமத்தல் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரை செய்தது. போர்க்லிப்ட் எனப்படும் பளுதூக்கி வண்டியோ ஒரு டன் சுமையையும் எளிதில் உயர்த்தும். ஆனால் அவ்வண்டி திரும்புவதற்கு இடம் வேண்டும். இடம் எளிதிற் கிடைப்பதன்று. புதுச்சேரி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 290 சதுரக் கிலோமீட்டரே. அதுவும் தமிழ்நாட்டு ஊர்களிடையே துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. இத்தகைய இடங்களில் கிடங்கின் ஒவ்வோர் அடியும் விலைமதிப்புடையது.

24 மீட்டர் அகலமுள்ள கிடங்கு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அடுக்குச் சட்டம் ஒன்றின் ஆழம் 1.2 மீட்டர் என்க. இரு சட்டங்களுக்கு நடுவே 3.6 மீட்டர் இடைவழி விட்டால் எட்டு வரிசைகளே அமையும். இடைவழி 1.6 மீட்டராகக் குறைந்தால் பன்னிரண்டு வரிசைகள் அமையும்! இடைவழியின் அகலத்தை உறுதி செய்வது வண்டியின் வகையே.

பொதுவாகக் காணப்படும் பளுதூக்கி துலாக்கோலைப் போன்றது. முன்னே சுமை, பின்னே அதற்கு ஈடான எடை. அதனால் வண்டி நீண்டுவிடுகிறது. திரும்புவதற்கு மூன்றரை மீட்டருக்குக் குறையாத வழி தேவைப்படுகிறது. இரண்டாவது வகை ரீச் டிரக். இதன் முன்பக்கத்தில் இரண்டு கால்கள் நீண்டிருக்கும். சுமையைத் தாங்கும் கரங்கள் முன்னே நீண்டு பொருளை எடுத்து, அக்கால்களின் நடுவே பின்வாங்கும். இதற்கு மூன்று மீட்டருக்கும் குறைந்த வழியே போதும். மூன்றாவது வகை, முன்பாகம் மட்டும் மடங்கித் திரும்பும் வண்டி. இது இரண்டு மீட்டர் அளவுள்ள வழியிலும் வேலை செய்யும். நான்காவது டர்ரெட் டிரக். வண்டி நேராகவே செல்ல, கரங்கள் மட்டும் வலமும் இடமும் திரும்பும். தரையில் பதித்த கம்பியோ ஓரத்துத் தண்டவாளமோ அதற்கு வழிகாட்டும். அதன் இடைவழி 1.6 முதல் 1.8 மீட்டர் வரை இருக்கும்.

வழி குறுகக் குறுகத் தரை செம்மையாதல் வேண்டும். ஒன்றரை மீட்டர் இடைவெளியுள்ள இரு சக்கரங்களுள் ஒன்று 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பதாகக் கொள்வோம். தரையில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் 12 மீட்டர் உயரத்தில் சுமை 24 மில்லிமீட்டர் சாயும். ஆதலால் பழைய தளத்தில் புதிய வண்டியை ஓட்டிவிடல் இயலாது. முதலில் தளத்தைச் செப்பனிட வேண்டும்.

மற்றொன்றும் மறத்தற்கில்லை. அகன்ற வழியில் வண்டி வந்தால் ஒருவன் ஒதுங்கி நிற்கலாம். மிகக் குறுகிய வழியில் ஒதுங்க இடமில்லை. எனவே வண்டி இயங்கும்போது அவ்வழியில் மனிதர் நுழைதல் கூடாது என்பது முதல் விதி. மனிதன் முதுகிலிருந்து சுமையை இறக்கவே இப்பொறி தோன்றியது. மிச்சமாகும் இடத்திற்கு ஓர் உயிரை விலையாகக் கொடுத்தல் அறிவுடைமை ஆகாது.