பனிச்சாலையும் நான்கு சக்கர விசையும்

சுவீடன் நாட்டில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சாலையில் பனி படிந்திருந்தால் கார்களுக்குக் குளிர்கால டயர்கள் கட்டாயமாகும். நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை செல்லும் கார்களுக்கும் இவ்விதி உண்டு. ஏன் என்பதை நாம் அறிவோம்.

வளைவில் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு உருள வேண்டும். அதற்கு இடமளிப்பது ‘டிபரன்சியல்’ என்னும் பல்சக்கரத் தொகுதி. ஆனால், ஒரு சக்கரம் பனியில் வழுக்கினால் அது வீணே சுழலும். மற்றது அசையாது நிற்கும். சேற்றில் சிக்கிய லாரியிலும் நாம் காண்பது இதுவே.

வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்சியல், உராய்வுத் தட்டுகளால் இரு சக்கரங்களையும் ஓரளவு பிணைத்து, பிடிப்புள்ள சக்கரத்திற்கும் விசையை அளிக்கிறது. ஆயினும், பனி வளைவில் விசையைக் கூட்டினால் பின்சக்கரங்கள் இரண்டும் ஒருங்கே வழுக்கி, வண்டி திசைமாறக் கூடும்.

நான்கு சக்கர விசை வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பிரேக்கை மிதிக்கையில் நம்மைக் காப்பது டயரின் பிடிப்பும் மிதமான வேகமுமே.