துறைமுகத்திலிருந்து பொரளைப் பக்கம்வரை

எமது ஆலயங்களுக்குத் தலபுராணம் உண்டு. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றன் சிறப்பையும் அது எடுத்துரைக்கும். மன்னர் கொடுத்த மானியத்தைக் கல்வெட்டுச் சொல்லும். நகரத்துக் கிறிஸ்தவ தேவாலயம் ஒன்றின் வரலாற்றை அறிய விரும்புபவர் எதனைப் படிப்பது? அதன் குருமாரின் பெயர்ப் பட்டியலைப் படிக்கலாம் என்பேன். குருவாக இருந்தவர் யார், அவருக்குப் பட்டம் கொடுத்தவர் யார், சம்பளம் கொடுத்தவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டால், தேவாலயத்தின் கதையோடு நாட்டின் கதையும் விளங்கிவிடும். கொழும்பு ஆங்கிலிக்கன் திருச்சபை இதற்குத் தக்க உதாரணமாகும்.

ஆங்கிலிக்கன் திருச்சபை இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்தது. கத்தோலிக்கரைப் போல இவர்களுக்கும் அத்தியட்சர் உண்டு; ஆயின் அவர் பாப்பரசரின் ஆணைக்கு உட்பட்டவரல்லர். பங்கு ஒவ்வொன்றையும் ஒரு குரு பொறுப்பேற்று நடத்துவார்; பங்குகள் பலவற்றுக்கும் மேலாக அத்தியட்சர் இருப்பார். அத்தியட்சர் தலைமேல் கைவைத்துப் பட்டம் கொடுத்தாலன்றி எவரும் குருவாக முடியாது. இந்த ஒரு விதியை மனத்திற் கொண்டால் பின்வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான அதே 1815ஆம் ஆண்டில், தேசாதிபதி றொபேட் பிறவுண்றிக் கொட்டாஞ்சேனையை அடுத்த ஜிந்துப்பிட்டியில் பரிசுத்த தோமையார் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். தமிழ்ச் சபையார் வழிபடுவதற்கென எழுந்த தேவாலயம் அது. அடிக்கல் நாட்டியவர் தேசாதிபதி என்பது இங்கு கவனிக்கத்தக்கது. அன்று அத்திருச்சபை அரசாங்கத்தின் நிழலில் இருந்தது. அரசாங்கச் சம்பளம் பெற்ற குருமாரும் போதகரும் இருந்தனர்.

அவ்வாறு யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய தமிழர் ஒருவர் கிறிஸ்தியான் தாவீது. தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர் அவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கம் செய்தும் அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. பட்டம் கொடுக்க இலங்கையில் அத்தியட்சர் எவரும் இருக்கவில்லை. இத்தீவு கல்கத்தா அத்தியட்சரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. ஈற்றில் 1824இல் அவர் கல்கத்தாவுக்கே சென்று அத்தியட்சர் ஹீபரின் கையாற் பட்டம் பெற்றார். இந்தியா, இலங்கை மக்களுள் ஆங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

1845இல் கொழும்புக்கெனத் தனி அத்தியட்சர் நியமிக்கப்பட்டார். அவர் ஜேம்ஸ் சப்மன். துறைமுகத்துக்கு வடக்கே முகத்துவாரத்தில் 1851இல் பரி. தோமாவின் கல்லூரியை அவர் தொடக்கினார். 1854இல் அதன் அருகே கிறிஸ்து பேராலயம் அபிஷேகம் பெற்றது. கப்பலில் வந்த திருச்சபை கப்பல் வந்து சேரும் இடத்தருகிலேயே தன் பீடத்தை அமைத்துக்கொண்டது எனலாம்.

அரசாங்கத்துக்கு வரி செலுத்தியோருட் பெரும்பாலோர் பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களுமே. அவர்களின் பணத்தில் ஒரு திருச்சபையின் குருமாருக்குச் சம்பளம் கொடுப்பது முறையா என்னும் கேள்வி வலுப்பெற்றது. 1881ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. அரச மானியம் படிப்படியாக நின்றது. அப்போது அத்தியட்சராக இருந்தவர் றெஜினோல்ட் கொப்பிள்ஸ்ரன். அதன் பின்னர் குருவைப் பராமரிப்பது சபையாரின் கடமையாயிற்று. படியளப்பவனுக்குப் பேச்சும் உண்டு அல்லவா? குருமாரோடு சபையாரும் அமர்ந்து கருமங்களைத் தீர்மானிக்கும் மன்றம் உருவாயிற்று. இழப்பாகத் தோன்றிய இம்மாற்றமே திருச்சபை இந்நாட்டில் வேர்விட வழிசெய்தது என்பது என் கருத்து.

எனினும் அத்தியட்சர் பீடம் அவ்வளவு விரைவில் கைமாறவில்லை. 1945இல் லக்தாச டி மெல் உதவி அத்தியட்சரானார். இலங்கையர் ஒருவர் அத்தியட்சர் நிலைக்கு உயர்ந்தது அதுவே முதற்றடவை. கொழும்புப் பீடத்தில் ஓர் இலங்கையர், ஹரல்ட் டி சொய்சா, அமர்ந்தது 1964இல். மானியத்துக்கு முடிவு கட்டிய சட்டத்துக்கும் இந்நியமனத்துக்கும் இடையே 83 ஆண்டுகள் சென்றுவிட்டன.

கல்லூரி 1918இல் கல்கிசைக்குச் சென்றது. பேராலயத்தின் பீடமும் முகத்துவாரத்தை விட்டு நீங்கியது. கொழும்பு 7இல், பொரளைக்கு அண்மையில், பௌத்தாலோக மாவத்தையில் எழுந்த புதிய பேராலயம் 1973 நவம்பரில் அபிஷேகம் பெற்றது. ஜீவிக்கும் இரட்சகராகிய கிறிஸ்துவின் பேராலயம் என்பது அதன் பெயர். முன்னர் புள்ளர்ஸ் வீதி என ஓர் ஆங்கிலேயரின் பெயர் தாங்கிய வீதி அது. பௌத்தத்தின் ஒளி எனப் பொருள்படும் பெயருள்ள வீதியில் கிறிஸ்தவப் பேராலயம் நிற்பது, அத்திருச்சபை இனி எத்தகைய அயலில் வாழவேண்டும் என்பதை உணர்த்துகிறது.

அந்த அயலில் நிகழ்ந்ததை நாம் மறக்கமுடியாது. அதே வீதியின் கிழக்குப் பக்கத்தில் கனத்தை மயானம் உள்ளது. யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரின் இறுதிக் கிரியைக்கென 1983 யூலை 24ஆம் திகதி மக்கள் கூடியது அங்கேதான். அன்றிரவு பொரளையில் மூண்ட வன்செயல் நகரெங்கும் பரவித் தமிழரின் உயிரையும் உடைமையையும் அழித்தது.

நான்கு ஆண்டுகளின் பின், 1987இல், கொழும்பு அத்தியட்சராக வந்தவர் யாபேஸ் ஞானப்பிரகாசம். அப்பீடத்தில் அமர்ந்த முதற் தமிழர் அவர். யுத்தம் நடந்த காலத்தில், சிங்களச் சபைகளும் தமிழ்ச் சபைகளும் அடங்கிய திருச்சபைக்கு 1992 வரை அவர் தலைமை தாங்கினார். இந்நியமனம் 1983இன் காயத்தை ஆற்றிவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார். ஆயினும் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். 1824இல் குருப்பட்டம் பெற ஒரு தமிழர் கடல் கடக்க வேண்டியிருந்தது. 163 ஆண்டுகளின் பின், சிங்களவரோ தமிழரோ, கொழும்பில் குருவாக விரும்பிய எவரும் ஒரு தமிழரின் கைக்கீழ்த் தலைகுனிய வேண்டியிருந்தது.