வரி நீண்டால் ஏடு என்ன செய்யும்?

உங்கள் பள்ளி அலுவலகத்தில் உள்ள சேர்க்கைப் பதிவேட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். தடித்த அட்டை போட்ட பெரிய ஏடு. பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டுக் கட்டங்கள் பிரித்திருப்பார்கள். வரிசை எண், பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், முகவரி, கடைசியாகக் 'குறிப்பு'. ஒரு மாணவருக்கு ஒரு வரி.

அந்தக் 'குறிப்பு' கட்டத்தின் அகலம் இரண்டு அங்குலம் இருக்கும். ஒரு மாணவரைப் பற்றி அதில் பத்து வாக்கியம் எழுத வேண்டியிருந்தால் எழுத்தர் என்ன செய்வார்? முதலில் எழுத்தைப் பொடியாக்கிப் பார்ப்பார். அதிலும் அடங்காவிட்டால், கட்டத்தில் 'இணைப்பு 14 காண்க' என்று மட்டும் எழுதுவார். செய்தியைத் தனித்தாளில் எழுதி, 14 என்று எண்ணிட்டுக் கோப்பில் சேர்த்துவிடுவார்.

இதே தொல்லை கணிப்பொறிக்கும் நேர்ந்தது. உலகின் அறிவார்ந்த நிரலாளர்கள் பல ஆண்டுகள் அதனோடு மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் அவர்கள் கண்ட வழி என்ன தெரியுமா? நம் எழுத்தர் செய்ததேதான்! அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

அட்டவணைகளின் உலகம்

1970-ஆம் ஆண்டு, ஐ.பி.எம். நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற கணித அறிஞர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எவ்வளவு பெரிய தகவல் குவியலையும் எளிய அட்டவணைகளாகப் பிரித்து வைக்கலாம், தகவல் எங்கே, எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்ற கவலை பயன்படுத்துபவருக்கு வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். இந்தக் கருத்தில் பிறந்தவைதாம் உறவுநிலைத் தரவுத்தளங்கள். வங்கிக் கணக்கும் மருத்துவமனைப் பதிவும் இன்று பெரும்பாலும் இத்தகைய அட்டவணைகளிலேயே இருக்கின்றன. காட் 1981-இல் டூரிங் பரிசு பெற்றார்.

காட் வரைந்த அட்டவணையில் வரிக்கு நீள வரம்பு ஏதும் கிடையாது. அது கணிதம். ஆனால் கணிதத்தை வட்டில் எழுதப் புகுந்தபோது வரம்பு வந்து குறுக்கே நின்றது. எப்படி?

பக்கம் என்னும் பெட்டி

கணிப்பொறி வட்டிலிருந்து எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை. ஒரு பெட்டி, ஒரு பெட்டியாகத்தான் எடுக்கிறது. தரவுத்தளக்காரர்கள் இந்தப் பெட்டிக்குப் 'பக்கம்' என்றே பெயரிட்டார்கள். எடுத்துக்காட்டாக, போஸ்ட்கிரஸ்எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள நிரலைப் பார்ப்போம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986-இல் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது அது. இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதில் ஒரு பக்கத்தின் வழக்கமான அளவு 8192 பைட்.

பக்கத்தின் உள்ளே என்ன இருக்கிறது? தலைமாட்டில் 24 பைட் அளவுக்குப் பக்கத்தின் தலைப்பு. அதை அடுத்து, ஒரு வரிக்கு ஒன்று என்று 4 பைட் முகவரிச் சீட்டுகள். உண்மையான வரிகள் பக்கத்தின் கால்மாட்டிலிருந்து மேல்நோக்கி அடுக்கப்படுகின்றன. சீட்டுகள் மேலிருந்து கீழே வர, வரிகள் கீழிருந்து மேலே வர, இரண்டும் நடுவில் சந்தித்தால் பக்கம் நிறைந்துவிட்டது என்று பொருள்.

இங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒரு வரி ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும். பாதி இந்தப் பக்கம், பாதி அடுத்த பக்கம் என்பது கூடாது. 'இத்தனையாவது பக்கம், இத்தனையாவது சீட்டு' என்ற இரண்டு எண்களைக் கொண்டே ஒரு வரியைச் சட்டென்று பிடித்துவிட முடிவது இந்த விதியால்தான். ஆனால் அதற்குக் கொடுத்த விலை என்ன? வரியின் நீளம் 8192 பைட்டைத் தாண்ட முடியாது. தலைப்புகளுக்கும் சீட்டுக்குமே 50 பைட் அளவுக்குப் போய்விடும்!

இதனால் என்ன நட்டம் என்று கேட்கிறீர்களா? ஒரு மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். நோயாளி ஒருவரின் நீண்ட வரலாற்றை மருத்துவர் தட்டச்சு செய்கிறார். கடைசி வாக்கியம்: 'இந்த மருந்து இவருக்கு ஒவ்வாது, கொடுக்க வேண்டாம்.' வரி வரம்பைத் தாண்டுகிறது. தரவுத்தளம் வரியை ஏற்க மறுக்கிறது. அவசரக்கார நிரலாளர் ஒருவர், 'நீளமாக இருந்தால் கடைசிப் பகுதியை வெட்டிவிடு' என்று எழுதிவைத்தால் என்ன ஆகும்? சேமிப்பு நடந்துவிடும், உயிர் காக்கும் வாக்கியம் காணாமற் போய்விடும். வரியின் நீளம் வெறும் எண் கணக்கு அன்று.

பக்கத்தையே பெரிதாக்கினால்?

'பெட்டி சிறிது என்றால் பெரிய பெட்டி வாங்குவதுதானே?' என்று உங்களுக்குத் தோன்றும். போஸ்ட்கிரஸ்எஸ்க்யூஎல் நிரலில் அதற்கு வழி உண்டு. நிரலைப் புதிதாகத் தொகுத்துக்கொண்டு, பக்கத்தின் அளவை 32768 பைட் வரை உயர்த்தலாம். ஆனால் பழைய அளவில் உருவாக்கிய தரவுத்தளத்தைப் புதிய நிரல் திறக்காது. எல்லாத் தகவலையும் வெளியே எடுத்து மறுபடி ஏற்ற வேண்டும். அது மட்டுமா? வேறு தொல்லைகளும் கூடவே வருகின்றன.

முதலாவது, வீண் சுமை. உங்களுக்கு வேண்டியது 200 பைட் நீளமுள்ள ஒரே ஒரு வரி என்று வைத்துக்கொள்வோம். அதற்காக முன்பு 8192 பைட் எடுத்த கணிப்பொறி, இப்போது 32768 பைட் எடுக்க வேண்டும். நீண்ட வரி எங்கோ ஒன்று. அதற்காக எல்லா வரிகளும் பெரிய பெட்டியைத் தூக்கித் திரிய வேண்டும்.

இரண்டாவது, நினைவக நெருக்கடி. அடிக்கடி வேண்டியிருக்கும் பக்கங்களை வைத்துக்கொள்ள நினைவகத்தில் 128 மெகாபைட் ஒதுக்கியிருந்தால், சிறிய பக்கங்கள் 16384 அதில் அடங்கும். பெரிய பக்கங்களோ 4096 மட்டுமே.

மூன்றாவது, மின்தடை. வட்டு ஒரே மூச்சில் எழுதும் அளவு மிகச் சிறிது: 512 பைட் அல்லது 4096 பைட். ஒரு பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால் பாதி புதிது, பாதி பழையது என்று பக்கம் கிழிந்துவிடும். இதற்குக் காப்பாக முழுப் பக்கத்தின் படியையும் அவ்வப்போது தனி நாளேட்டில் எழுதிவைக்கிறார்கள். பக்கம் பெருத்தால் நாளேடும் பெருக்கும்.

பதினைந்து பிட் சுவர்

சரி, இத்தனையையும் பொறுத்துக்கொள்கிறோம் என்றாலும் 32768-க்கு மேல் ஏன் போக முடிவதில்லை? விடை அந்த 4 பைட் முகவரிச் சீட்டில் ஒளிந்திருக்கிறது.

4 பைட் என்றால் 32 பிட். வரி பக்கத்தில் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல 15 பிட். அதன் நிலையைக் குறிக்க 2 பிட். அதன் நீளத்தைச் சொல்ல 15 பிட். கூட்டிப் பாருங்கள்: 15 + 2 + 15 = 32. ஒரு பிட் கூட மிச்சமில்லை! 15 பிட்டில் எழுதக்கூடியவை 0 முதல் 32767 வரை உள்ள 32768 எண்கள் மட்டுமே. பக்கத்தை இரட்டித்தால் ஒவ்வோர் எண்ணுக்கும் 16 பிட் வேண்டும். சீட்டுக்கு 34 பிட் வேண்டும். சீட்டின் அமைப்பை மாற்றினால் ஏற்கெனவே எழுதப்பட்ட எல்லாத் தரவுத்தளங்களின் எல்லாப் பக்கங்களையும் மாற்றியாக வேண்டும். ஒரு காலத்தில் சிக்கனமாகச் செய்த முடிவு பின்னாளில் சுவராகி நிற்பதைக் கவனித்தீர்களா?

தமிழுக்கு இடம் கூடுதல்

இந்தச் சுவரில் தமிழ் இன்னும் விரைவாக முட்டிக்கொள்ளும். காரணம் இதோ. 1992-இல் கென் தாம்சன், ராப் பைக் என்ற இருவர் வகுத்த யு.டி.எஃப்-8 என்னும் முறைதான் இன்று எழுத்துகளைச் சேமிக்கப் பெரிதும் பயன்படுகிறது. அதில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் வேண்டும். 'க' ஒரு குறியீடு. ஆகவே 3 பைட். 'கி' என்பது ககரமும் கொக்கியும் சேர்ந்த இரண்டு குறியீடு. ஆகவே 6 பைட். 'க்' கூட ககரமும் புள்ளியுமாக 6 பைட்! இலக்கணத்தில் மெய்யோடு அகரம் சேர்ந்து 'க' பிறக்கிறது. கணிப்பொறியிலோ ககரத்தின் மேல் புள்ளி ஏறி மெய் பிறக்கிறது.

'தமிழ்' என்ற சொல்லை எண்ணுவோம். த 3, மி 6, ழ் 6. ஆக 15 பைட். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட். 8192 பைட் பக்கத்தில் ஏறத்தாழ 2700 தமிழ்க் குறியீடுகளே அடங்கும். நீங்கள் படிக்கும் இக்கட்டுரையில் பாதி கூட அதில் கொள்ளாது.

எழுத்தரின் வழியே வழி

2001-ஆம் ஆண்டு ஏப்ரலில் போஸ்ட்கிரஸ்எஸ்க்யூஎல் 7.1 பதிப்பு வெளிவந்தது. அதில் யான் வீக் என்ற நிரலாளர் உருவாக்கிய ஒரு புதிய நுட்பம் இருந்தது. அளவு மீறிய கட்டங்களைச் சேமிக்கும் நுட்பம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'டோஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். துண்டு போட்டு வாட்டிய ரொட்டிக்கும் அதே பெயர்தான். பெயருக்கேற்ப இதுவும் துண்டு போடும் வேலையே!

அது வேலை செய்யும் முறையைப் பாருங்கள். ஒரு வரியின் நீளம் சுமார் 2000 பைட்டைத் தாண்டினால் டோஸ்ட் விழித்துக்கொள்கிறது. ஏன் 8192 வரை காத்திருப்பதில்லை? ஒரு பக்கத்தில் நான்கு வரிகளாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. முதலில், நீளமான கட்டத்தைச் சுருக்கிப் பார்க்கிறது. திரும்பத் திரும்ப வரும் சொற்களையும் விகுதிகளையும் மறுபடி முழுமையாக எழுதாமல், 'முன்பு வந்ததைப் பார்' என்று குறித்துக்கொண்டே போவது இந்தச் சுருக்கம். எழுத்தர் எழுத்தைப் பொடியாக்கினார் அல்லவா, அது போல.

அப்போதும் அடங்காவிட்டால் இரண்டாம் படி. அந்தக் கட்டத்தில் உள்ள செய்தியைச் சுமார் 2000 பைட் துண்டுகளாக்கி, 0, 1, 2 என்று வரிசை எண்ணிட்டு, பக்கத்திலேயே மறைவாக இருக்கும் வேறோர் அட்டவணையில் வைத்துவிடுகிறது. மூல வரியில் எஞ்சுவது 18 பைட் சுட்டி மட்டும். 'இணைப்பு 14 காண்க'! 40000 பைட் நீளமுள்ள கட்டுரை, சுருக்காமலே வைத்தாலும், ஏறத்தாழ 20 துண்டுகளாகிவிடும். இப்படி ஒரு கட்டத்தில் 1 கிகாபைட் வரை வைக்கலாம். பக்கமோ அதே 8192 பைட். முகவரிச் சீட்டோ அதே 32 பிட். சுவரை யாரும் இடிக்கவில்லை. சுற்றிப் போகும் பாதை போட்டுவிட்டார்கள்.

இதில் எதிர்பாராத நன்மையும் உண்டு. நோயாளிகளின் பெயரும் வயதும் மட்டும் வேண்டுமென்று கேட்டால், நீண்ட குறிப்புகளைக் கணிப்பொறி தொடுவதே இல்லை. முகவரியை மட்டும் திருத்தினால், மாறாத குறிப்பை மறுபடி எழுதுவதும் இல்லை.

பிற தரவுத்தளங்களும் தத்தம் வழி கண்டன. ஆரக்கிள், நீண்ட வரியைத் துண்டாக்கிப் பல பக்கங்களில் சங்கிலியாகக் கோக்கிறது. மைக்ரோசாப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு வரிக்கு 8060 பைட் வரம்பு. 2005 பதிப்பிலிருந்து, நீளம் மாறக்கூடிய கட்டங்கள் அதைத் தாண்டினால் வேறு பக்கத்துக்குப் போகின்றன.

இன்னும் எஞ்சிய வரம்பு

அப்படியானால் வரம்பே ஒழிந்ததா? இல்லை. நீண்ட கட்டத்தை வெளியே அனுப்பலாம். எண்களைத் துண்டாக்க முடியாது. போஸ்ட்கிரஸ்எஸ்க்யூஎல் அட்டவணையில் அதிக அளவாக 1600 கட்டங்கள் வைக்கலாம். அத்தனையும் 4 பைட் எண்களானால் 6400 பைட், பக்கத்தில் அடங்கும். 8 பைட் எண்களானால் 12800 பைட், அடங்காது. அப்போது அட்டவணையையே பிரித்து அமைப்பதுதான் நல்ல வழி. ஒரே வரியில் ஆயிரம் கட்டம் வேண்டும் என்று தோன்றினால், பெரும்பாலும் பிழை ஏட்டில் இல்லை. கோடு போட்டவரிடம் இருக்கிறது.

இனி உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். உயிரெழுத்துக்கும் அகரமேறிய உயிர்மெய்க்கும் 3, புள்ளி வைத்த மெய்க்கும் மற்ற உயிர்மெய்க்கும் 6 என்று போட்டுக் கூட்டுங்கள். 'வள்ளி'க்கு 15, 'கண்ணன்' என்றால் 18. உங்களுக்கு எத்தனை? பிறகு உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் உள்ள எல்லாப் பெயர்களையும் நண்பர்களோடு பங்கு போட்டுக் கணக்கிடுங்கள். 8192 பைட்டில் உங்கள் வகுப்பு முழுவதும் அடங்குகிறதா என்று பார்த்துவிடலாம்!